மூலம் இல்லை மச்சான்

பொரளைச் சந்தியில் இறங்கினால் ஒரு பக்கம் கனத்தை மயானம், இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிகள். நடுவில் ஒரு தேத்தண்ணிக் கடை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிற நாங்கள் நாலு பேரும் அங்கேதான் வழமையாகச் சந்திப்போம். போன வருசம் ஒரு பின்னேரம் எங்கட நண்பன் பிளேன்டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், ஏழு மாசமா ரத்தம் போகுது."

மூலவியாதி என்று ஒரு மருந்துக்கடையில் கிறீம் குடுத்திருக்கினம். பிறகு ஒரு டொக்டர் மரக்கறி கூடச் சாப்பிடச் சொன்னாராம். ஒருத்தரும் பார்க்கவில்லை. அவனும் காட்டவில்லை. எச்.ஐ.வி. இருக்கென்று சொன்னால் அடுத்த கேள்வி எப்படி வந்தது என்பதுதான். அதுக்குப் பதில் சொல்ல நினைத்தால், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு தொண்டையில் நிற்கும்.

மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை அவன். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதோட எல்லாம் சரி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

அண்டைக்கு இரவு விடிய விடிய வாசித்தோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவருகிற அதே எச்.பி.வி. வைரஸ்தான், முக்கியமா 16ஆம் வகை, ஆசனவாயிலும் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. தோலோடு தோல் பட்டே தொற்றும். கொண்டம் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. அனேகமானோருக்கு உடம்பே அதைத் துரத்திவிடும். எச்.ஐ.வி. உள்ள உடம்புக்கு அது லேசில்லை. பொதுவாக லட்சம் பேரில் வருசத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிற இந்தப் புற்றுநோய், எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் 85 பேரளவுக்கு வருகிறது. பெண்களோடு மட்டும் உறவுள்ள ஆண்களுக்கும் எச்.ஐ.வி. இருந்தால் ஆபத்து கூடத்தான்.

ஆனால் இது ஒரே நாளில் வருகிறதில்லை. முதலில் கலங்கள் மாறும், அதுக்குப் பல வருசம் எடுக்கும். அந்த நிலையிலேயே சிகிச்சை செய்தால் புற்றுநோய் பாதிக்கு மேல் குறையும் என்று 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 35 வயதுக்கு மேற்பட்ட, எச்.ஐ.வி. உள்ள நாலாயிரத்துச் சொச்சம் பேரில் செய்தது. விரலால் தொட்டுப் பார்க்கிற ஒரு நிமிடப் பரிசோதனைகூட கட்டியைக் காட்டிக் கொடுக்கலாம்.

எங்கள் ஒருத்தனின் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி போட்டார்கள். 2017இல் இலங்கையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அது தொடங்கியது. பொம்பிளைப் பிள்ளைகளின் ஊசி என்றுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். வைரஸுக்கு ஆண் பெண் தெரியுமா? அதோட, அந்த ஊசி வரமுன் காப்பது. வந்த தொற்றை அது கலைக்காது.

பிறகு அவன் தன்ட எச்.ஐ.வி. கிளினிக்கிலேயே வாயைத் திறந்தான். அவங்கள் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். நாலு பேரும் சேர்ந்தே போனோம். நீங்க யார் என்று நர்ஸ் கேட்டா. அண்ணன் தம்பிமார் என்றோம். ஒரே ஜாடை இல்லாத நாலு முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாங்கைக் காட்டினா.

சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை; அதற்கு முந்தின மாற்றம். அகற்றியாச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லியிருக்கினம். அடுத்த திகதி ஐப்பசியில், நாலு பேரின் போனிலும் இருக்கு.