பின்சீட்டுக்கு ஒரு வண்டி

பழைய வண்டி பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனை ஓனர், எவ்வளவு ஓடியிருக்கு, மைலேஜ் என்ன தரும், கடைசியா என்ன விலை. ஊருக்குள் தனியாக ஓட்டத்தான் வண்டி என்றால் இவை போதும். மனைவியையோ நண்பரையோ பின்னால் உட்கார வைத்து ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டிய வண்டிக்கு முதல் கேள்வி வேறு: பின்னால் உட்காரப்போகிறவர் எங்கே? அவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அன்றைக்கு வண்டியைப் பார்த்துவிட்டு வரலாம். அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

*

ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே. அதனால் ஒரே பள்ளம் முன்னவருக்குக் கொஞ்சம் தணிந்து வருகிறது, பின்னவரின் இடுப்பில் அப்படியே இறங்குகிறது. போதாததற்கு, பள்ளம் வருவது ஓட்டுபவருக்குத் தெரியும். அவர் உடம்பு தானாகவே தயாராகிவிடும். பின்னவர் பார்ப்பது முன்னால் இருக்கும் ஹெல்மெட்டின் பின்புறத்தை மட்டும்தான். பிரேக் எப்போது விழும், எப்போது வண்டி சாயும் என்று எதுவும் அவர் கையில் இல்லை. வண்டியின் குறைகளை எல்லாம் அதிகமாக அனுபவிக்கிறவர் அவர்தான். வாங்கும்போது அவர் பேச்சுக்குத்தான் கடைசி எடை கொடுக்க வேண்டும்.

*

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு இரண்டு பேரும் ஏறி உட்காருங்கள். ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். பின்னவரின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் உயரமாகவும் சீட் தாழ்வாகவும் இருந்தால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்; ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். சீட் முன்பக்கமாகச் சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் வழுக்கி முன்னால் வந்து மோதுவார். கை வைக்க கிராப் ரெயில் எங்கே இருக்கிறது? உடம்பை முறுக்காமல் எட்டுகிறதா? வலது காலுக்குப் பக்கத்தில் சைலன்சர் எவ்வளவு தள்ளி இருக்கிறது? சேடில் பேக் மாட்டினால் பாதம் இடிக்குமா?

பிறகு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நல்ல ரோட்டில் வேண்டாம். ஸ்பீடு பிரேக்கரும் வெட்டிப் போட்ட பள்ளமும் இருக்கும் தெருவாகப் பார்த்துப் போங்கள். இறங்கியதும் அவர் முகத்தைப் பாருங்கள். "முதுகுல தட்டுதுங்க" என்று சொன்னால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டியை அப்படியே வாங்காதீர்கள். ஷாக் அப்சார்பர் மாற்ற என்ன ஆகும், சீட்டை வேறு ஃபோமில் தைக்க என்ன ஆகும் என்று விசாரித்துக்கொண்டு மறுபடி பேசுங்கள்.

*

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் கருத்து.

இருவர் போக, செகண்ட் ஹேண்டில், முதலில் தேட வேண்டியது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. 2020 நவம்பரில் வந்தது. 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க், எடை 191 கிலோ. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான் என்பதால் உயரம் குறைந்தவரும் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம். பின்னவர் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஓட்டுபவரின் கால்தான். அதனால் இந்த அளவை அற்பமாக நினைக்கக் கூடாது. இதில் ஃபயர்பால், ஸ்டெல்லார், சூப்பர்நோவா என்று ஆரம்பத்தில் மூன்று வகை வந்தன. பின்னவருக்கு முதுகுச்சாய்வு ஸ்டெல்லாரிலும் சூப்பர்நோவாவிலும் கம்பெனியிலேயே வந்தது. காற்றுத் தடுப்புக் கண்ணாடி சூப்பர்நோவாவில். மூன்றும் ஒரே விலைக்கு வந்தால் எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

அதற்கு முந்தைய தண்டர்பேர்டு இன்னும் நிறைய கிடைக்கிறது. 20 லிட்டர் டேங்க், பின்னால் சாய்வு, அமைதியான ஓட்டம். 2020இல் பிஎஸ்-6 வந்தபோது நிறுத்தப்பட்டது. பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். தண்டர்பேர்டு எக்ஸ் என்பதில் அந்தச் சாய்வு இல்லை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்டர்செப்டர் 650 மீது எல்லோருக்கும் ஆசை. 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர். இரண்டு பேரும் மூட்டையும் இருப்பதே இன்ஜினுக்குத் தெரியாது. ஆனால் பின் சஸ்பென்ஷனின் அசைவு 88 மில்லிமீட்டர்தான். ஹிமாலயன் 411இல் அதே அளவு 180. இந்த இரண்டு எண்களையும் பின்னவர் சார்பில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். இன்டர்செப்டரின் இன்ஜின் ஓட்டுபவருக்குச் சந்தோஷம். பின்னவருக்கு அந்த 88 மில்லிமீட்டரும் தட்டையான சீட்டும். முந்தைய ஓனர் நல்ல ஷாக்கும் டூரிங் சீட்டும் மாற்றியிருந்தால் அது வேறு வண்டி. மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள்.

ஹிமாலயன் 411க்கு வேகம் இல்லை என்று குறை சொல்வார்கள். 24 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் பறக்க முடியாதுதான். ஆனால் ரோடு மோசமான இடங்களில் பின்சீட்டு நிம்மதி இதில் அதிகம். சீட் உயரம் 800 மில்லிமீட்டர். பின்னவர் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஆகாது.

டோமினார் 400 வேகத்துக்கும் விலைக்கும் நியாயமான வண்டி. முதலில் வந்தவற்றில் அதிர்வு கொஞ்சம் தெரியும். 2019இல் 40 குதிரைத்திறனோடு வந்ததைத் தேடுங்கள். 2021க்குப் பிறகு கேரியர், சாய்வு, விண்ட்ஸ்கிரீன் எல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வந்தது. கேடிஎம் 390 அட்வென்சர் நல்ல வண்டிதான். ஆனால் 855 மில்லிமீட்டர் சீட் உயரத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேட்டில் நிறுத்துவதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சூப்பர் மீட்டியார் 650 சொகுசு. எடை 241 கிலோ. கல்லும் மண்ணுமான லாட்ஜ் வாசலில் அதைத் திருப்ப உங்களால் முடியுமா என்று பாருங்கள்.

டேங்க் அளவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டு பேர் போனால் நூறு கிலோமீட்டருக்கு ஒரு டீ கட்டாயம். பங்க் வந்துவிடும்.

*

எடைக் கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, பின்னவர் 60, பை 20, ஹெல்மெட், ஜாக்கெட், தண்ணீர் என்று 160ஐத் தொடும். ஏறக்குறைய இன்னொரு வண்டியையே ஏற்றிக்கொண்டு போகிறோம். அதனால்தான் பின் ஷாக்கில் பிரீலோட் மாற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். மீட்டியாரில் ஆறு படி. பழைய வண்டி பலவற்றில் அது கம்பெனியிலிருந்து வந்த படியிலேயே துருப்பிடித்து இறுகியிருக்கும். வாங்கும் முன் டூல் கிட்டில் இருக்கும் சி-ஸ்பேனரை எடுத்து ஒரு படி திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாவிட்டாலும் ஸ்பேனரே இல்லாவிட்டாலும் அது விலையில் குறைய வேண்டும்.

டயர் காற்றும் அப்படியே. தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போக இன்னோர் அளவு என்று மேனுவலில் போட்டிருக்கிறது. பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் கண் கூசும், ஹேண்டில் லேசாகி வளைவில் வண்டி விரிந்து ஓடும். இவ்வளவும் ஒரு ஸ்பேனரிலும் ஒரு காற்றுக் குழாயிலும் சரியாகிற விஷயம்.

*

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும் முன் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் அழுத்தில் எப்படிக் கிளம்புகிறது, என்ன சத்தம் வருகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

செயினை பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் விரலால் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிகிற அளவுக்குச் செயின் தூக்கினால் செட்டோடு மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால் கோன்செட் (ஹேண்டில் பியரிங்) போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஆட்டம் தனியாக ஓட்டும்போது தெரியாது. பின்னால் ஆள் ஏறியதும் வளைவில் வால் ஆட்டும்.

கிளட்ச்: டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. இருவரோடு இரண்டாம் கியரில் ஏறும்போது தேய்ந்த கிளட்ச் நடுவழியில் கையை விரிக்கும்.

ஒரு மெக்கானிக் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "கிலோமீட்டரை நம்பாதீங்க சார். ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பாருங்க. ரப்பர் பொய் சொல்லாது." அவர் பார்க்கச் சொன்னது முன்னால் இருப்பதை. நான் பின்னால் இருக்கும் ரப்பரையும் பார்க்கச் சொல்வேன். கோடுகள் அப்படியே இருந்தால் இந்த வண்டி பெரும்பாலும் தனியாகத்தான் ஓடியிருக்கிறது. பின் ஷாக்கும் பியரிங்கும் அவ்வளவாக அடி வாங்கியிருக்காது. மழுங்கியிருந்தால் தப்பில்லை, ஆனால் ஷாக்கை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

*

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். பழைய ரப்பர் பூவோடு இருந்தாலும் கெட்டியாகிவிடும், மழையில் பிடிக்காது.

*

ஏபிஎஸ் இல்லாத வண்டியை இந்தக் காரியத்துக்கு எடுக்காதீர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி என்றால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முடிந்தால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ளது.

*

சாரி கார்டு. அழகு கெடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியளவாவது மூடுகிற தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்கி உயிர் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கழற்றியிருந்தால் வாங்கி மாட்டிய பிறகே ஆளை ஏற்றுங்கள். நெடுந்தூரத்துக்கு ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவதும் வேண்டாம். உடம்பு எடை ஒருபக்கம் சாய்கிறது, திடீர் பிரேக்கில் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. அன்றைக்கு சுடிதாரோ பேண்ட்டோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

*

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் மண் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

காகிதங்கள்: ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கையில் வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரி, கர்நாடகா வண்டி மலிவு என்று சொன்னால் என்.ஓ.சி.யையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி கரைந்துவிடும். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் ஒருவர் உட்காருகிறார். அதை அலட்சியம் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. பின்னவருக்கும் சேர்த்த பாலிசிதானா என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

*

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். ஆயில், பிரேக் பேட், செயின் செட், டயர் ஆகியவற்றுக்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள்; இவற்றை முடித்த பிறகே முதல் பயணம். அந்தக் கணக்கிலேயே ஹெல்மெட்டையும் சேருங்கள். பல வீடுகளில் ஓட்டுபவருக்கு நல்லதாக ஒன்றும் பின்னவருக்குப் பரணில் கிடந்த பழையது ஒன்றும் இருக்கிறது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழு முக ஹெல்மெட்டாக, பின்னால் உட்காருபவரையே கடைக்கு அழைத்துப் போய், அவர் தலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.