இனிப்பு போன பிறகும்

நான் வாங்கும் வெள்ளை ஒயின் பாட்டிலில் 'செக்' என்று போட்டிருக்கும். பிரெஞ்சில் அதற்கு 'உலர்ந்தது' என்று பொருள். புதுச்சேரியை விட்டுப் பாரிசுக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்த ஒரு சொல்லை நம்பி, இரவுச் சாப்பாட்டோடு இரண்டு கிளாஸ் குடித்து வந்தேன். சர்க்கரை நோய் என்றதும் சோற்றைக் குறைத்தேன், காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். ஒயினை மட்டும் விட்டுவைத்தேன். இனிக்காத பண்டத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மகள்தான் உட்கார வைத்துக் கணக்குப் போட்டாள். "அப்பா, சர்க்கரை எங்கேயும் போகலப்பா, வேஷம் மாத்திக்கிச்சு" என்றாள்.

நன்றாகப் பழுத்த திராட்சையின் சாறு ஒரு லிட்டரில் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு பறந்துவிடும், இனிப்பும் போய்விடும். ஆனால் சர்க்கரையில் இருந்த ஆற்றலில் பெரும்பங்கு ஆல்கஹாலில் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. ஆல்கஹாலுக்கு 7. 13 சதவீத ஒயின் 150 மில்லி ஊற்றினால் அதில் ஆல்கஹால் மட்டும் 15 கிராம். மற்றதையும் சேர்த்தால் சுமார் 120 கலோரி. இரண்டு கிளாஸுக்கு 240. நான் தியாகம் செய்ததாக நினைத்த ஒரு கிண்ணம் சோறு அதைவிடக் குறைவு.

ஷாம்பெயினில் இதே 'செக்' இன்னும் ஏமாற்றும். அங்கே அந்தச் சொல்லுக்கு லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை என்று அர்த்தம்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் நான் மதிக்கும் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வில்பர் அட்வாட்டர். ஆளை நாள்கணக்கில் ஒரு சிறு அறைக்குள் இருக்க வைத்து, அவர் உடலிலிருந்து வெளிவரும் வெப்பத்தை அளந்தார். 1890களின் இறுதியில் ஆல்கஹாலையும் சோதித்து, உடல் அதையும் எரிபொருளாக எரிக்கிறது என்று சொன்னார். அவர் மதுவிலக்கை ஆதரித்த மெதடிஸ்ட் போதகரின் மகன். மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள், சாராய வியாபாரிகள் விளம்பரம் செய்துகொண்டார்கள். கண்டதைச் சொன்னதற்கு இரண்டு பக்கமும் இடி.

எரிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை. அதனால் கல்லீரல் அதை முதலில் எரிக்கிறது, அதுவரை கொழுப்பு காத்துக்கிடக்கிறது.

ஐரோப்பாவில் பிஸ்கட் பொட்டலத்துக்குக்கூடக் கலோரி அச்சிட வேண்டும். 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு மட்டும் விலக்கு. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயினுக்குத்தான் அந்த விலக்கு நீங்கியது. கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படிக்கிறேன்.

இப்போது சனிக்கிழமை மட்டும் ஒரு கிளாஸ். மற்ற இரவுகளில், விட்ட சோற்றில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மகள் அதன்மேல் வஞ்சிரக் குழம்பு ஊற்றுகிறாள்.