கொண்டையில் வந்த குச்சி

எங்கள் அம்மாயி தலையில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் காலனியில் இன்றைக்கு நாற்பது வீட்டு வாசலில் பூக்கிற குண்டுமல்லி அவள் கொண்டையில் செருகிக் கொண்டுவந்த ஒற்றைக் குச்சியிலிருந்து வந்தது. ‘பூவைப் பத்தியெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கியே, அது பார்ப்பன அழகியல் இல்லையா?’ என்று தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, பதில் சொல்வது மறந்துபோய்ச் செடிகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாயி ஊர் திருச்சிக்கு மேற்கே. எட்டரை, கோப்பு, போதாவூர் என்று மல்லிகை விளைகிற பூமி அது. சேரிப் பொம்பளைகள் ராத்திரி மூன்று மணிக்கே இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மொட்டாகப் பறிக்க வேண்டும். வெயில் ஏறி, பூ வாயைத் திறந்துவிட்டால் விலை போகாது. பறித்த அரும்பு விடிவதற்குள் காந்தி மார்க்கெட்டுக்கோ, ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்கோ போய்ச் சேர வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொருத்தியாக மடியை உதறிக் காட்ட வேண்டும், கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். நாலு அரும்பு ஒட்டியிருந்தால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கிலோ கிலோவாகப் பறித்தவள் தலையில் ஒரு பூ இருந்தால் திருட்டு!

ஒரு கார்த்திகையில் கவாத்து நடந்தது. வெட்டிப்போட்ட குச்சிகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். அம்மாயி பென்சில் கனத்தில் ஒரு குச்சியை எடுத்து, கொண்டையில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு வந்துவிட்டாள். சோதனை போட்டவர்கள் பூவைத்தானே தேடினார்கள்! குச்சி அவர்கள் கண்ணுக்குக் குச்சியாகத்தான் தெரிந்திருக்கிறது. குடிசைக்குப் பின்னால், குளிக்கிற தண்ணி ஓடுகிற இடத்தில் அதை ஊன்றினாள். அம்மா கல்யாணமாகி உறையூர்ப் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்துக் காலனிக்கு வந்தபோது, சீதனம் என்று சொல்லிக்கொள்ளும்படி வந்தது ஓட்டைக் குடத்தில் வைத்த அந்தச் செடியின் பதியன் ஒன்றுதான்.

காலனி வீட்டுக்கு முன்னால் இருந்தது இரண்டு முழம் மண். அம்மா அதை விடவில்லை. பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, மீன் மார்க்கெட்டில் தூக்கிப்போட்ட தெர்மகோல் பெட்டி, அப்பாவின் பழைய ஹெல்மெட் என்று எதிலெல்லாம் மண் நிற்குமோ அதிலெல்லாம் செடி. கனகாம்பரம், டிசம்பர் பூ, அந்திமந்தாரை, அடுக்கு நந்தியாவட்டை, ஒரு பட்டு ரோஸ். வேலிக்குச் சங்குப்பூ. உரம் என்று காசு கொடுத்து எதுவும் வாங்கியதில்லை. அரிசி களைந்த தண்ணி, மீன் கழுவின தண்ணி, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை. மீன் தண்ணி ஊற்றின நாளில் வாசல் பக்கம் போக முடியாது. பத்து நாள் கழித்து அதே வாசலை விட்டு உள்ளே வர மனசு வராது.

ஜாதிமல்லி ஒன்றும் இருந்தது. அதன் பெயரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். பூவுக்குமா? ‘பிச்சின்னு சொல்லு’ என்பாள் அம்மா, அது தெற்கத்திப் பேர் என்றாலும். எங்கள் வீட்டில் அந்தச் செடிக்குப் பிச்சி என்றுதான் பேர்.

சாயங்காலம் ஆனால் காலனிப் பிள்ளைகள் வந்துவிடும். ‘அத்த, எனக்கு ரெண்டு.’ ‘பெரியம்மா, நாளைக்கு எங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா.’ அம்மா வாசல்படியில் உட்கார்ந்து வாழைநாரை நனைத்துத் தொடுப்பாள். சரத்தை முழம் போட்டு அளந்து கொடுக்கிற வழக்கமே இல்லை. எத்தனை தலை வந்திருக்கிறதோ அத்தனை துண்டு. பூ குறைந்த நாளில் துண்டும் விரற்கடைதான். யாராவது காசு நீட்டினால், ‘காசு குடுக்குறவ மார்க்கெட்டுக்குப் போடி’ என்று ஏசுவாள். அவள் வாங்கிக்கொண்டதெல்லாம் செடிகள்தான். எங்களிடமிருந்து மல்லிப் பதியன் போகும், அங்கிருந்து மரிக்கொழுந்து வரும். அப்படித்தான் அந்தக் குச்சி நாற்பது வாசலுக்குப் போனது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. அந்தப் பட்டியலில் ஒன்று, நம் பெண்கள் பூ வைக்கக் கூடாது என்பது. நிலத்துக்கும் நகைக்கும் தடை போட்டவன் பூவை விட்டுவைக்கவில்லை என்றால் அவனுக்குப் பூவின் அரசியல் தெரிந்திருக்கிறது. நம் தோழருக்குத்தான் தெரியவில்லை.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். ஆத்தா இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற காலம். காலனியிலிருந்து தட்டுத் தட்டாகப் பூ போகும். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, ஆனாலும் தட்டு தூக்கியிருக்கிறேன். நவம்பர் 2 அன்று வேறு கதை. எங்கள் பெரியம்மா வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் டப்பாச் செடிகள் மொட்டையாகிவிடும். எல்லாப் பூவும் பெரியப்பா கல்லறைக்கு. கல்லறைத் தோட்டம் என்கிறோம். இதே திருச்சியில் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரித்துச் சுவர் வைத்தார்கள். 2010இல் பெரியார் இயக்கத் தோழர்கள் சிலர் அதில் ஒரு பகுதியை இடித்துக் கைதானார்கள். செத்த பிறகும் தோட்டத்துக்கு நடுவே சுவர்.

எம்.ஏ. படிக்கும்போது தொண்டரடிப்பொடியாழ்வாரையும் திருப்பாணாழ்வாரையும் ஒரே வாரத்தில் நடத்தினார்கள். முன்னவர் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்குப் பூ கட்டிய பார்ப்பனர். அதற்கு ஒரு மணி நேரம் போனது. பின்னவர் எங்கள் உறையூர்க்காரர் என்கிறார்கள், பாணர். காவிரித் தென்கரையிலேயே நின்று பாடியவர். தண்ணி எடுக்க வந்த லோகசாரங்கர் வழிவிடச் சொல்லிக் கல்லெறிந்தார், ரத்தம் வந்தது, பிறகு அரங்கன் கட்டளைப்படி அவரையே தோளில் தூக்கிப்போனார் என்பது குருபரம்பரைக் கதை. இது பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். செடிக்கு மண் அணைத்துக்கொண்டே கேட்டாள்:

“தோள்ல தூக்கிட்டுப் போனானே, எறக்கி விட்டானா?”

“சாமியோட கலந்துட்டாருன்னு சொல்றாங்கம்மா.”

“அதான பாத்தேன். திரும்பி வரவுடல.”

வகுப்பில் இப்படி ஒரு உரை எனக்குக் கிடைக்கவில்லை.

2018இல் வேலை நிமித்தமாக ஸ்ரீரங்கத்தில் குடிபோனேன். உத்தர வீதி, சித்திரை வீதியெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும்? அதையெல்லாம் தாண்டி, வெளியே ஒரு சந்து. பின்னால் கொஞ்சம் மண் இருந்தது, அதற்காகத்தான் அந்த வீடு. அம்மா குண்டுமல்லிப் பதியனோடு பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து தன் கையால் நட்டுவிட்டுப் போனாள். தீவு மண் அல்லவா, வண்டல். இரண்டாவது பங்குனியில் செடி தெரியாமல் பூத்தது.

பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைப்பார். ‘பெருமாளுக்குக் கொஞ்சம் போடேன்டிம்மா.’ தினமும் கிண்ணம் நிறையப் போடுவேன். பதிலுக்குத் துளசி வரும், சில நாள் ரசப்பொடி. மாமிக்குச் செடி வைக்கத் தெரியாது, பூவைப் பற்றிப் பேசத் தெரியும். எந்தப் பூ எத்தனை நாழிகை வாடாது, எதை எதோடு சேர்த்துக் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் நிறையச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு பொம்பளைகள் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது சந்தோஷமான காரியம்தான்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது என்று மெழுகுவத்தி கேட்டு உள்ளே வந்தார். கூடத்தில் அம்பேத்கர் படம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கிண்ணம் மதில்மேல் இருந்தது. நான் பூ போட்டேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்து பழுத்துப்போனது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் போடவில்லை. கிண்ணத்தையும் அவர் எடுக்கவில்லை. ஆடிக் காற்றில் குப்பை விழுந்து, ஐப்பசி மழையில் தண்ணி நிறைந்து, காக்கா குடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாசம் அது அங்கேயே இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், ஒரு வழக்குகூடப் போட்டிருப்பேன். கிண்ணத்தின்மேல் என்னவென்று வழக்குப் போடுவது?

2022இல் வீட்டுக்காரர், மகனுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். மகன் வந்து நான் பார்க்கவில்லை. தொட்டிகளைக் குட்டியானையில் ஏற்றினேன். மண்ணில் நட்ட மல்லியை என்ன செய்வது? தோண்டினால் வேர் அறுந்துவிடும். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே கொடியை வளைத்து மண்ணில் புதைத்துவைத்திருந்தேன். வேர் பிடித்த இரண்டு பதியனை வெட்டிக்கொண்டு, தாய்ச்செடியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

போன சித்திரையில் அந்தச் சந்தில் பூக்கூடை தூக்கி வருகிற அக்காவை அம்மா மண்டபத்துப் பக்கம் பார்த்தேன். வீடு பூட்டியே கிடக்கிறதாம். ‘ஒன் செடிதான் மதில் மேல ஏறிப் பூத்துக் கொட்டுதே. அந்த மாமி ஸ்டூல் போட்டு ஏறிப் பறிக்கிறாங்க, பெருமாளுக்கு. எங்கிட்ட முழம் வாங்குறத நிறுத்திட்டாங்கன்னா பாத்துக்கயேன்’ என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆளுக்குத் தீட்டு, ஆள் வைத்த செடி ஆளில்லாமல் பூத்தால் தீட்டில்லை. இதை மேடையில் பேச வேண்டும் என்று மனசுக்குள்ளேயே வரி வரியாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா திண்ணையில் தொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். நார் பல்லில் இருந்ததால் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“கார்த்திகையில முழங்கால் ஒசரத்துக்கு வெட்டி வுட்டாங்களாமா?”

“தெரியலம்மா. ஆளே இல்லாத வீடு.”

“அப்ப அடுத்த வருஷம் எலதான் வரும். அந்தப் பூக்காரிகிட்ட சொல்லி வுடு, அரிவாள எடுத்துட்டுப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வரட்டும்.”