உள் டயர்

சில வருடங்களுக்கு முன் அரிசோனாவில், மகனின் மோட்டார் ஹோமில் போய்க்கொண்டிருந்தோம். டயர் காற்றழுத்தக் கருவி கீச்சிட்டது. ஓரங்கட்டியதும் நான் இறங்கி, பழைய வழக்கப்படி பின் டயரை உதைத்துப் பார்த்தேன்.

"கல்லு மாதிரி இருக்குப்பா. கருவிதான் கோளாறு, கிளம்பு."

அவன் கேட்கவில்லை. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். குனிந்து உள் டயரில் கேஜ் வைத்தான். 80 இருக்க வேண்டிய இடத்தில் 35. பக்கச்சுவரில் விரிசல். சுமையை வெளி டயர் ஒன்றே தாங்கியதால் ஓட்டத்தில் எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால், சூடேறி அதுவும் வெடித்திருக்கலாம்.

இத்தகைய இரட்டை டயர் வண்டிகளுக்கு அமெரிக்காவில் அந்தக் கருவி கட்டாயமில்லை. மகனே வாங்கி வால்வுகளில் திருகியது.

நாற்பது வருடம் வண்டி ஓட்டியவன் நான். இப்போது உதைப்பதில்லை; காலையில், டயர் சூடேறுமுன் கேஜ் வைக்கிறேன்.

அன்று பின் இருக்கையில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.