மாதம் ஒரு மலர்

பெங்களூருக்குப் போனால் லால்பாகைப் பார்க்காமல் திரும்பி விடாதீர்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. ஆனால் எனக்குப் பிடித்தவை ஊருக்குள் இருக்கும் சாலைகள்தான். 1908-ல் லால்பாகின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். மார்ச்சில் ஜகரண்டாவின் ஊதா. மே மாதம் குல்மோஹரின் செம்மை!

அந்த அழகில் மயங்கி, சென்னைக்குத் திரும்பியதும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு குல்மோஹர் நட்டேன். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் மரம் சாய்ந்தது, சுவரும் போயிற்று. அதன் வேர் ஆழமாக இறங்காமல் பக்கத்தில் படரும். கிளையும் எளிதில் முறியும். அகன்ற சாலைக்கு அழகானது, நம் கையகல நிலத்துக்குத் தாங்குமா, சொல்லுங்கள்?

கிரும்பிகலின் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைக்குச் சரக்கொன்றை, ஐப்பசிக்குப் பவழமல்லி, கார்த்திகைக்கு மந்தாரை, வருஷம் முழுவதும் நந்தியாவட்டை. எதையும் சுவரிலிருந்து தள்ளியே நடுங்கள். பூத்து ஓய்ந்த பிறகே கிளைகளைக் கத்தரியுங்கள். முன்னதாக வெட்டினால் மொட்டும் போய்விடும்.

இப்போது ஐப்பசிக் காலையில் நான் கோலமாவுடன் வாசலுக்கு வருவதற்குள், பவழமல்லி தன் கோலத்தைப் போட்டு முடித்திருக்கிறது!