மண்ணைத் தொடட்டும் எங்கள் பிள்ளைகள்

கல்மண்டபத்தில் எங்கள் படிப்பகம் இருக்கும் சந்தில் ஒரு பையன். மூன்று வயது ஆகப் போகிறது, ‘ம்மா’, ‘தா’ தவிர வேறு பேச்சு வரவில்லை. அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளை ஆயாவிடமும் செல்போனிடமும் வளர்ந்தான். சேர்க்கப் போன நர்சரிப் பள்ளியில், “வீட்ல பேசுற பாஷை அப்படி, அதான்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாய் படிப்பகத்துக்கு வந்து அழுதபோதுதான் நாங்கள் இதில் இறங்கினோம்.

முதலில் அரசு மருத்துவமனையில் காதைப் பரிசோதித்தோம். பேச்சு வராத பிள்ளைக்கு அதுதான் முதல் வேலை. காது நன்றாகக் கேட்கிறது. அங்கிருந்த பேச்சுப் பயிற்சியாளர், “போனை எடுத்து வையுங்க. மண், தண்ணி, மாவு கொடுத்து, கூட உட்கார்ந்து பேசுங்க” என்றார்.

தாய் மறுத்தார். “நான் குப்பையில கை வெச்சது போதும்ணா. எம்புள்ள கையாவது சுத்தமா இருக்கட்டும்.”

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக அழுக்கை நம் கையில் திணித்தது சாதி. அந்தக் கையை மறுபடி சேற்றில் வை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் தொட்டுக் கற்கும் இந்த முறையின் கதையைப் பாருங்கள். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், உழைக்கும் ஏழைகளின் பிள்ளைகளுக்குத்தான் மரியா மாண்டிசோரி முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-இல் நம் அடையாறுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அன்று ‘பஞ்சமர்’ எனப்பட்ட நம் பிள்ளைகளுக்காக 1894-இல் ஆல்காட் பள்ளி திறந்த அதே அடையாறு. இன்று மாண்டிசோரி என்று பலகை மாட்டிய பல பள்ளிகளில் கட்டணத்தைக் கேட்டாலே நம் ஆட்கள் திரும்பிவிடுவார்கள். ஏழைக்குப் பிறந்த முறையை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? இதைத்தான் அந்தத் தாயிடம் சொன்னோம். அரை மனதாகச் சம்மதித்தார்.

ஒரு பிளாஸ்டிக் டப், சலித்த மணல், தண்ணீர், கேழ்வரகு மாவு, காசிமேட்டுக் கரையில் பொறுக்கிய பெரிய கிளிஞ்சல்கள். வாயில், மூக்கில் போகிற அளவு சின்னப் பொருள் எதுவும் கிடையாது. பிள்ளை எதைத் தொடுகிறானோ அதையே அந்த நேரத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, ஐந்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பேச்சு வருவது அந்தக் காத்திருப்பில்தான். போன் காத்திருக்காது.

இதில் எங்களுக்கே ஆசான் ஆயாதான். மணலுக்கு நெறநெற, கிளிஞ்சலுக்குச் சொரசொர, அதன் உள்பக்கத்துக்கு வழவழ, கரைத்த மாவுக்குக் கொழகொழ. பள்ளிக்காரர்கள் குறை சொன்ன பாஷையில்தான் இத்தனை சொல். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், மாவைப் பிசைந்தபடி பையன் “கொய கொய” என்றான். ஆயா விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான். பேச்சுப் பயிற்சிக்கும் தொடர்ந்து போகிறான்.

எல்லாத் தாய்க்கும் இப்படி ஒரு ஆயா இல்லை. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். அங்கன்வாடித் திட்டம் 1975-இல் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013-இல் வந்தது. உங்கள் அங்கன்வாடிக்கு அந்த மருத்துவக் குழு எப்போது வரும் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு மணல், தண்ணீர், இடம் கேளுங்கள். பதிவேடு எழுதுவதிலேயே பொழுது போகாமல், பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஊழியருக்கு நேரம் கேளுங்கள்.

வேலை முடிந்து வந்த அம்மா இப்போது டப் பக்கத்தில் உட்காருகிறார். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டு இரண்டு பேரும் கை கழுவுகிறார்கள்.