இருக்கிற இடமே தெரியாத பிள்ளை

"எங்க பிள்ளை தங்கம். இருக்கிற இடமே தெரியாது." கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் பெற்றவர்கள் இப்படிப் பெருமையாகச் சொல்லக் கேட்டே வளர்ந்த தலைமுறை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த காலத்தில் பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். ஆட்டம் போடும் பிள்ளையைப் பற்றி அம்மாக்கள் அரைமணி நேரம் முறையிடுவார்கள். வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொண்டு நிம்மதியாக எழுந்துவிடுவார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகளின் மனநலம் பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சிகளை உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் வாய்த்தது. படிக்கப் படிக்க ஒன்று உறுதிப்பட்டது. பிள்ளை சத்தம் போடாமல் இருப்பதை வைத்து அது நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் முடிவுகட்டக் கூடாது.

இதைப் படம்பிடித்துக் காட்டியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் குழந்தை உளவியல் நிபுணர் ஆனா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனுக்குத் தீ போடும் வேலையில் இருந்து, அங்கேயே குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் சின்னக் குழந்தைகளைக் கவனிக்கும் வேலையை ஏற்றார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் குழந்தையை வார்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விட வேண்டும். பல இடங்களில் வாரத்துக்கு ஒரு தரம் வந்து பார்க்கத்தான் அனுமதி. அம்மா வந்துவிட்டுப் போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று டாக்டர்களும் நர்ஸுகளும் மனதார நம்பினார்கள். முதல் நாள் கூப்பாடு போட்ட குழந்தை நாலாம் நாள் அடங்கிவிடுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்களே!

ராபர்ட்சன் அந்த அடக்கத்தை நம்பவில்லை. குழந்தை மூன்று கட்டங்களைக் கடப்பதை அவர் கண்டார். முதலில் அம்மாவைக் கேட்டு அழுகை. அம்மா வராமல் போகப் போக நம்பிக்கை விட்டு ஒடுங்கிக் கிடப்பது. அதற்கும் பிறகு, அம்மாவே வந்து நின்றாலும் முகம் கொடுக்காமல் விலகுவது. வார்டில் இருந்தவர்கள் "பழகிவிட்டது" என்று திருப்திப்பட்டது இந்தப் பின்னிரண்டு கட்டங்களைப் பார்த்துத்தான். சொன்னால் யாரும் காதுகொடுக்கவில்லை என்பதால் கையடக்கமான ஒரு சினிமா கேமராவை எடுத்துக்கொண்டு போனார். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்தார். 1952இல் அந்தப் படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கடும் கோபம். லாரா அழுது புரளும் குழந்தையே இல்லை. கரடிப் பொம்மையை இறுக்கிக்கொண்டு, வரும் அழுகையை அடக்கிக்கொண்டு, அவ்வப்போது மட்டும் அம்மாவைக் கேட்கும் குழந்தை. நம் வீடுகளில் தங்கம் என்று பெயர் வாங்கியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தன் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்ட அவள், அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்தபடியே வெளியேறினாள்.

1959இல், ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளின் நலம் பற்றி இங்கிலாந்தில் ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்தது. குழந்தையைப் பார்க்கப் பெற்றோருக்குத் தடையே கூடாது, சின்னக் குழந்தையோடு தாயும் தங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் தாயை இடைஞ்சல் என்று விரட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அறிக்கை எனக்கு நினைவுக்கு வரும்.

லாராவுக்கு இரண்டு வயது. பதினான்கு வயதுப் பிள்ளை எப்படி ஒளிக்கும் என்பதை வைட் தீவில் நடந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவில் 1964, 65ஆம் ஆண்டுகளில் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய சகாக்களும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, பதினான்கு, பதினைந்து வயதிலும் பார்த்தார்கள். ரட்டரே போர்க்காலத்தில் சிறுவனாகப் பெற்றோரைப் பிரிந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். பிள்ளையின் மனநிலையை அதுவரை அம்மாவிடமும் ஆசிரியரிடமும் கேட்டே பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரட்டரும் அவருடைய சகா கிரகாமும் பிள்ளையையே தனியாக உட்காரவைத்துப் பேசி, அப்படிக் கிடைக்கும் பதிலை நம்பலாம் என்று நிறுவினார்கள். பெற்றோர் சிரமத்தில் இருப்பதாகக் காட்டிய பிள்ளைகளும் ஆசிரியர் காட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள். இன்னும் முக்கியமானது, வளரிளம் பிள்ளைகளில் பலர் உள்ளுக்குள் தங்களைத் தாழ்வாக எண்ணி வாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதைக் கவனித்திருக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வீடுகளில் பெரும்பாலும் சண்டையோ பிணக்கோ இல்லை. பாசம் உள்ள வீட்டில்தான் அந்தப் பிள்ளையும் இருந்தது.

நம் நாட்டுக்கு வந்தால், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தி 2016இல் வெளியான தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது. 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக அது சொன்னது. நாற்பது பேர் வகுப்பு என்றால் மூன்று பேர். அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வுப்படி, வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் கேட்க வேண்டியதை நாம் வேலைக்குப் போன பிறகு, கல்யாணமான பிறகு என்று தள்ளிப்போடுகிறோம்.

"அதையெல்லாம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிட்டது போல ஆகிவிடாதா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. தற்கொலை என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே நமக்குப் பயம். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து மேடலின் கூல்ட் குழு இதையே சோதித்தது. ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம் கேட்கவில்லை. 2005இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களுக்குக் கூடுதல் மனவேதனையும் வரவில்லை, புதிதாக அந்த எண்ணமும் முளைக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி கெடுதல் செய்யவில்லை. ஆகவே கேளுங்கள். "சாகணும்னு எப்பவாவது தோணுதா கண்ணு?" என்று நிதானமாகக் கேட்கலாம். "ஆமாம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவு நேரமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேட்பது யார் என்பது அடுத்த விஷயம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ஆய்வு என்னை நாள்கணக்கில் யோசிக்க வைத்தது. கோவாவின் சங்காத் அமைப்பும் விக்ரம் பட்டேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் 'செஹர்' என்ற பெயரில் நடத்தியது அது. அரசு உயர்நிலைப் பள்ளிகள் எழுபதுக்கும் மேல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதின்மூவாயிரம் பேர். பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர் இதழ், காலைக் கூட்டத்தில் பேச்சு, கேலிவதை பற்றிய விதிமுறை, வேண்டுகிறவர்களுக்குத் தனியாக ஆலோசனை. இதே திட்டத்தைச் சில பள்ளிகளில் அந்தப் பள்ளி ஆசிரியரே நடத்தினார். வேறு சில பள்ளிகளில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஒருவர் நடத்தினார். 2018இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பள்ளிக்கு வெளியிலிருந்து வந்தவர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது, கேலிவதை குறைந்திருந்தது, பள்ளி தன்னுடையது என்ற எண்ணம் கூடியிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், திட்டமே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

ஆசிரியர்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அந்த வேலையில் ஆயுளைக் கழித்தவள். பாடம், தேர்வு, பதிவேடு, சத்துணவுக் கணக்கு, தேர்தல் பணி என்று ஆசிரியர் தலைமேல் இருப்பது போதாதென்று இதுவும் என்றால் எங்கே நடக்கும்? வேலைப்பளு ஒரு காரணம். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய காரணம், மதிப்பெண் போடும் கை ஆசிரியருடையது என்பதே. நடத்தைச் சான்றிதழில் எழுதப்போகிறவரிடம், அப்பாவைக் கூட்டிவா என்று சொல்லக்கூடியவரிடம் பதினான்கு வயதுப் பிள்ளை எதைத்தான் துணிந்து சொல்லும்? நாளந்தாப் பள்ளிகளுக்கு வந்தவரிடம் பிரம்பும் இல்லை, சிவப்பு மையும் இல்லை, அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய மணியும் இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் அப்படி ஒருவரை முழுநேரமாக வைக்க வேண்டும் என்று நான் போகுமிடமெல்லாம் கேட்டு வருகிறேன். ஏற்கெனவே இருக்கும் ஆசிரியருக்கு இன்னொரு பயிற்சி முகாம் நடத்திக் கணக்கை முடித்துக்கொள்வது போதாது.

பள்ளியில் அப்படி ஒருவர் வரும்வரை வீட்டில்? இந்த இடத்தில் என் வயதுக்காரர்களோடு நேரடியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளையும் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு பெண்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் அதில் நிறைய. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, பிறப்புச் சிக்கல், குடிகாரத் தகப்பன், ஓயாத சண்டை, பெற்றவருக்கே மனநோய் என்று பாரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. அவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, அன்பும் பொறுப்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களின் வாழ்க்கையில், பெற்றவர் சரியில்லாத இடத்தில் நம்பிச் சாய ஒரு பெரியவராவது இருந்தார். பல வீடுகளில் அது தாத்தா, பாட்டி. அல்லது அத்தை, மூத்த அக்காள், பிடித்த ஓர் ஆசிரியர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, தான் இல்லாவிட்டால் வீடு நடக்காது என்கிற ஒரு பொறுப்பும் பலருக்கு இருந்திருக்கிறது.

தாத்தா பாட்டிகளான நாம் மதிப்பெண் போடுவதில்லை, கட்டணம் கட்டிவிட்டுக் கணக்குக் கேட்பதும் இல்லை. பேரப்பிள்ளைக்கு நம்மிடம் தோற்றுப்போவதற்கு ஒன்றுமில்லை. நாளந்தாப் பள்ளிக்கு வந்த அந்த ஆளுக்கு இருந்த வசதி அத்தனையும் நமக்கு இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள இரண்டு பழக்கம் போதும். பிள்ளை வாய் திறந்ததும் "எங்க காலத்துல நாங்க படாத பாடா?" என்று ஆரம்பிப்பது ஒன்று. மத்தியானம் நம்மிடம் சொன்னதை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகனிடமும் மருமகளிடமும் ஒப்பிப்பது இன்னொன்று. உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும், "இதை உங்க அம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும்பா, நானும் கூட இருக்கேன்" என்று பிள்ளையிடமே சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் நம்மோடு இருக்கட்டும். எதிரே உட்காரவைத்து விசாரித்தால் பேச்சு வராது. கடைக்கு நடக்கும்போதும் கீரை ஆயும்போதும் தானாக வரும்.

கவாய் ஆய்வில் இன்னும் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் போலீஸ் வழக்கு, படிப்பு முறிவு, சிறுவயதிலேயே தாய்மை என்று தடம் மாறியிருந்தவர்களை முப்பது, நாற்பது வயதில் மறுபடி தேடிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் மீண்டிருந்தார்கள். உள்ளூர்க் கல்லூரியில் மறுபடி சேர்ந்த படிப்பு, ராணுவ வேலை, நல்ல வாழ்க்கைத்துணை, கோயில் குளம் என்று எங்கோ ஓரிடத்தில் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்திருந்தது. சென்னையில் 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார், தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு அதே ஆண்டில் மறுதேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு வருடம் வீணாகிவிட்டது என்ற நினைப்பே சில பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. ஜூன் மாதம் வந்தால் உங்கள் வீட்டிலும் மறுதேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். இயற்பியலில் ஏன் போனது என்று கேட்க அப்பா இருக்கிறார், டியூஷன் சார் இருக்கிறார், எதிர்வீட்டுக்காரர்கூட இருக்கிறார். நீங்கள் அவனைச் சாயங்காலம் உங்களோடு கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், பையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.